கிங்ஸ்லியின் கேள்வியும் நியூமனின் பதிலும்

மத நம்பிக்கையைக் கேள்வி கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. "நீ நம்புவது எப்படி உண்மையாகும்?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. "நீ இதை உண்மையாகவே நம்புகிறாயா, அல்லது நம்புவதுபோல நடிக்கிறாயா?" என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. முதல் கேள்விக்குத் தர்க்கத்தால் பதில் சொல்லலாம். ஜெயிக்கலாம், தோற்கலாம், அது வேறு விஷயம். இரண்டாவது கேள்விக்குத் தர்க்கம் உதவாது. எவ்வளவுக்கெவ்வளவு சாமர்த்தியமாகப் பதில் சொல்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு சந்தேகம் வலுக்கும். "பார், என்னமாய்ப் பேசி மழுப்புகிறான்!" என்பார்கள்.

இந்த இரண்டாவது கேள்விக்கு ஆளான ஒரு கத்தோலிக்கக் குருவானவர் எழுதிய பதில்தான் 1864-ம் வருஷம் வெளிவந்த 'அபாலஜியா' என்ற புஸ்தகம். 'அபாலஜியா ப்ரோ வீடா சுவா' என்பது அதன் முழு லத்தீன் பெயர். மன்னிப்புக் கேட்பது என்று அர்த்தமல்ல; "என் வாழ்க்கைக்கு நான் கூறும் சமாதானம்" என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஜான் ஹென்றி நியூமன்.

நம் வாசகர்களில் பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அவருடைய பாட்டு ஒன்று நம் நாட்டுக்குப் பழக்கமானது. காந்தியடிகளுக்கு மிகவும் பிடித்திருந்த 'லீட், கைண்ட்லி லைட்' என்ற கிறிஸ்தவப் பாடல் நியூமன் எழுதியது. 1833-ல் ஸிஸிலித் தீவிலிருந்து ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு போன ஒரு படகில் அவர் பிரயாணம் செய்தார். காற்று விழுந்து படகு கடலில் அசையாமல் நின்ற நாட்களில் எழுதிய பாட்டு அது. அப்போது அவர் கத்தோலிக்கர் அல்ல. இங்கிலாந்தின் அரசாங்க மதமாகிய ஆங்கிலிக்கன் சபையின் போதகர். ஆக்ஸ்போர்டில் ஸெயிண்ட் மேரி கோயிலில் அவர் செய்யும் பிரசங்கத்தைக் கேட்க மாணவர்கள் திரண்டு வருவார்கள். 1845-ல், தமது நாற்பத்து நான்காவது வயதில், அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்துவிட்டார். கத்தோலிக்கர்கள் பார்லிமெண்டில் உட்காரலாம் என்று சட்டம் வந்தே அப்போது பதினாறு வருஷந்தான் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட தேசத்தில் அவர் செய்த காரியம், கிட்டத்தட்ட எதிரியின் பாசறைக்குப் போய்விட்டதற்குச் சமானம். போனவர் முதலிலிருந்தே எதிரியின் ஒற்றனாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பலர் எண்ணினார்கள். ஆங்கிலிக்கன் சபையின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே பையன்களை ரோமாபுரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் என்ற பேச்சு இருபது வருஷம் அடங்கவில்லை.

அந்தப் பேச்சை அச்சில் ஏற்றியவர் சார்லஸ் கிங்ஸ்லி. 'வாட்டர் பேபீஸ்', 'ஹைபேஷியா', 'வெஸ்ட்வர்டு ஹோ' முதலிய நாவல்களை எழுதியவர், ஆங்கிலிக்கன் போதகர், கேம்பிரிட்ஜில் சரித்திரப் பேராசிரியர். அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏழைத் தொழிலாளிகளுக்காக உருகி 'ஆல்டன் லாக்' எழுதியவர் அவர். திறந்த வெளி, குதிரைச் சவாரி, மனைவி மக்கள், வெளிப்படையான பேச்சு — இவைதாம் ஆண்மைக்கும் கிறிஸ்தவத்துக்கும் லட்சணம் என்று உண்மையாகவே நம்பியவர். பிரமசாரியாக இருந்துகொண்டு, பிறருடைய பாவசங்கீர்த்தனத்தை இரகசியமாகக் கேட்கும் கத்தோலிக்கக் குருமாரைக் கண்டால் அவருக்கு உடம்பே கூசும்.

'மாக்மில்லன்ஸ் மாகஸின்' பத்திரிகையின் 1864 ஜனவரி இதழில், ஃப்ரூட் என்பவர் எழுதிய இங்கிலாந்து சரித்திரத்துக்குக் கிங்ஸ்லி ஒரு மதிப்புரை எழுதினார். அதில் போகிற போக்கில் ஒரு வாக்கியம்: உண்மையை உண்மைக்காகவே போற்றுவது ரோமன் குருமாரிடம் என்றுமே இருந்ததில்லை, இருக்கவேண்டிய அவசியமுமில்லை என்று ஃபாதர் நியூமனே நமக்குச் சொல்கிறார் என்ற கருத்துப்பட எழுதிவிட்டார்.

நியூமன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். இதற்கு ஆதாரமாகத் தம் எழுத்திலிருந்து ஒரு வரிகூடக் காட்டப்படவில்லை என்று சுட்டிக்காட்டினார். கிங்ஸ்லி ஒரு பிரசங்கத்தைச் சுட்டிக்காட்டினார். அது நியூமன் ஆங்கிலிக்கன் போதகராக இருந்த காலத்தில் செய்த பிரசங்கம்! கத்தோலிக்கக் குருமார் பொய்யர்கள் என்பதற்குக் காட்டிய சாட்சி, புராட்டஸ்டண்ட் பிரசங்க மேடையிலிருந்து வந்தது. அதிலும் கிங்ஸ்லி சொன்ன வாக்கியம் இல்லை. பிப்ரவரி இதழில் கிங்ஸ்லி அரைமனதாக வருத்தம் தெரிவித்தார். "தாம் அப்படிச் சொல்லவில்லை என்று நியூமன் சொல்வதை ஏற்கிறேன்" என்கிற ரீதியில் வருத்தம். அதற்குள் ஊசி இருந்தது. நியூமன் இருவருடைய கடிதங்களையும் அப்படியே சிறு பிரசுரமாகப் போட்டுவிட்டார். அதற்குப் பதிலாகக் கிங்ஸ்லி, 'அப்படியானால் டாக்டர் நியூமன் என்னதான் சொல்கிறார்?' என்ற தலைப்பில் ஒரு பிரசுரம் வெளியிட்டார். நியூமன் இனி எழுதும் ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டியிருக்கும் என்ற அர்த்தத்தில் அதில் எழுதிவைத்தார்.

இங்கேதான் விவகாரம் ருசிகரமாகிறது. நியூமன் இதைக் கிணற்றில் விஷம் கலப்பது என்று வர்ணித்தார். பொருத்தமான உபமானம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இவன் சொல்லப்போவது பொய்" என்று சபையில் அறிவித்துவிட்டால், நான் எந்தத் தண்ணீரை இறைத்துக் கொடுத்தாலும் யார் குடிப்பார்கள்? நூறு நியாயம் சொன்னால் நூறும் தந்திரமாகத் தோன்றும். கிங்ஸ்லியின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பதால் பயனில்லை என்று நியூமன் கண்டுகொண்டார். ஜனங்கள் மனத்தில் நியூமன் என்ற பெயரில் ஒரு பூதம் உலாவிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுவதற்கு ஒரே வழி, உண்மையான நியூமனைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான். எந்த வயதில் எதை நம்பினேன், எந்தப் புஸ்தகம் என்னை அசைத்தது, யாருடைய சிநேகம் என்னை மாற்றியது, எந்தத் தேதியில் எந்தச் சந்தேகம் வந்தது — எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அதாவது, வாதத்துக்குப் பதில் சரித்திரம்.

ஏப்ரல் 21-ந் தேதி தொடங்கி, வியாழக்கிழமைதோறும் ஒரு பகுதியாக, ஜூன் 2-ந் தேதி வரை ஏழு பகுதிகள் வெளிவந்தன. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வேதனை புரியும். அச்சகத்திலிருந்து ஆள் வந்து காத்திருப்பான். எழுதி முடித்த பக்கம் மை உலருமுன் போய்விடும். திருத்தியது திரும்பி வரும். நியூமனுக்கு வயது அறுபத்து மூன்று. பர்மிங்ஹாமில் தமது மடத்தில் சாய்மேஜை முன்னால் நின்றுகொண்டு, ஒரு நாளில் பதினாறு மணி நேரம், ஒரு தடவை இருபத்திரண்டு மணி நேரம் எழுதினார். பழைய நண்பர்களிடமிருந்து கடிதங்களை இரவல் வாங்கித் தேதிகளைச் சரிபார்த்தார். எழுதும்போது அழுதுகொண்டே எழுதியதாகக் கடிதங்களில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் புஸ்தகத்தில் அழுகை இல்லை. இதுதான் முதலில் நம்மைக் கவரும் குணம். எதிரிக்கு உபயோகப்படக்கூடிய விஷயங்களை அவர் தாமே எடுத்துக் கொடுக்கிறார். சிறு வயதில் இருட்டறைக்குள் போகும்போது காரணம் தெரியாமல் சிலுவைக்குறி போட்டுக்கொள்வேன் என்கிறார். பத்து வயதுகூட நிரம்பாத பையனாக, தம் பாடப் புஸ்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு சிலுவையையும் ஜபமாலை போன்ற ஒன்றையும் வரைந்திருந்ததைப் பிற்காலத்தில் கண்டு திகைத்தேன் என்கிறார். "பார்த்தீர்களா, பிறவியிலேயே ரோமன் புத்தி!" என்று கிங்ஸ்லி கும்மாளமிட்டிருக்கலாம். உடனேயே, போப்பாண்டவரே வேதத்தில் சொல்லப்பட்ட அந்திக்கிறிஸ்து என்று இளமையில் உறுதியாக நம்பியதையும், அறிவு அதை விட்ட பிறகும் 1843 வரை கற்பனையில் அந்தக் கறை போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஒற்றனாக இருந்தவன் எழுதும் கதை இப்படி இராது. ஒற்றனுடைய கதையில் முன்னுக்குப்பின் முரண் இருக்காது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும்.

மாற்றம் எப்படி வந்தது என்பதை அவர் சொல்லும் இடம், எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படவேண்டிய இடம். ஆங்கிலிக்கன் சபை, ரோமாபுரிக்கும் தீவிரப் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே உள்ள நடுவழி என்பது அவருடைய சித்தாந்தம். 1839 கோடை விடுமுறையில் ஐந்தாம் நூற்றாண்டுச் சபைச் சண்டைகளைப் பற்றிப் படிக்க உட்காருகிறார். கிறிஸ்துவுக்கு ஒரே இயல்புதான் என்று வாதித்த ஒரு கட்சி, 451-ல் கால்ஸிடன் நகரத்தில் கூடிய சபையால் தள்ளப்பட்ட கதை அது. அந்தப் பழைய ஏடுகளில், ஒரு பக்கம் ரோமாபுரி இன்றிருப்பதுபோலவே நிற்கிறது, மறுபக்கம் தீவிரவாதிகள், நடுவழி என்று சொல்லிக்கொண்டு நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால் — கண்ணாடியில் பார்ப்பதுபோல — தம் முகமாகவே இருக்கிறது! பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மதத் துரோகிகள் என்று தள்ளப்பட்டவர்களுடைய ஸ்தானத்தில் தாம் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறார். யாரும் அவரிடம் வாதாடவில்லை. ஒரு மனிதன் வேறு காரியமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது தன்னைத் தானே பார்த்துவிடுகிறான், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் தயங்குகிறார். அந்த ஆறு வருஷத் தயக்கந்தான் கிங்ஸ்லிக்குச் சரியான பதில்.

கடைசியில் மதம் மாறும் இடம். ஓர் இத்தாலியத் துறவி, டொமினிக் பார்பெரி, 1845 அக்டோபர் மாதத்தில் கொட்டும் மழையில் வண்டியின் மேல்தளத்தில் பிரயாணம் செய்து, நனைந்து வந்து அடுப்பருகே நிற்கிறார். நியூமன் வந்து அவர் காலடியில் விழுகிறார். இந்தக் காட்சி பார்பெரியின் வாய்மொழியால் நமக்குத் தெரிகிறது. நியூமன் அதை எழுதவில்லை. முந்தின நாள் நண்பர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொல்கிறார்: ஆக்ஸ்போர்டில் தாம் முதல் வருஷ மாணவனாகத் தங்கியிருந்த அறைக்கு எதிர்ச் சுவரில் ஸ்நாப்டிராகன் என்ற பூச்செடி வளர்ந்திருந்ததையும், அதைப்போலத் தாமும் சாகும்வரை அந்த ஊரிலேயே வேரூன்றியிருப்போம் என்று நினைத்ததையும், 1846 பிப்ரவரி 23-ந் தேதி புறப்பட்ட பிறகு ரயிலிலிருந்து தெரியும் கோபுரங்களைத் தவிர ஆக்ஸ்போர்டை இன்றுவரை பார்க்கவில்லை என்பதையும் சொல்கிறார். இழந்தது என்ன என்பது இரண்டு மூன்று வாக்கியங்களில் வந்துவிடுகிறது. லாபத்துக்காக மதம் மாறினான் என்று இதைப் படித்தபின் யாரும் சொல்லமாட்டார்கள்.

இதே விஷயத்தை வைத்து நியூமன் முன்பே ஒரு நாவல் எழுதியிருந்தார். 1848-ல் பெயர் போடாமல் வெளியிட்ட 'லாஸ் அண்ட் கெயின்' — நஷ்டமும் லாபமும். ஆக்ஸ்போர்டு மாணவன் ஒருவன் கத்தோலிக்கனாகும் கதை. அங்கங்கே நல்ல நையாண்டி இருக்கிறது. ஆனால் பாத்திரங்கள் உட்கார்ந்தால் மத தத்துவம், எழுந்தால் மத தத்துவம். அங்கே சித்தாந்தத்தை மனிதர்கள் பேசுகிறார்கள். அபாலஜியாவில் சித்தாந்தம் ஒரு மனிதனுக்கு நேர்கிறது. நாவலாக எழுதியது பிரசங்கமாகிவிட்டது. பதிலுரையாக எழுதியது நாவலுக்குரிய உயிரைப் பெற்றுவிட்டது. கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டவரான ஜார்ஜ் எலியட் இந்தப் புஸ்தகத்தில் மனத்தைப் பறிகொடுத்ததும், கிங்ஸ்லியின் போக்கைக் கண்டு ஆத்திரப்பட்டதும் இதனால்தான்.

சரி, கிங்ஸ்லியின் குற்றச்சாட்டில் சாரமே இல்லையா? இருக்கிறது. சில சந்தர்ப்பங்களில் இரு பொருள்பட, அல்லது மனத்துக்குள் ஒரு பகுதியை மறைத்துப் பேசலாம் என்று அல்போன்ஸ் லிகோரி போன்ற கத்தோலிக்க அறநூல் ஆசிரியர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். நியூமன் இதை மறைக்கவில்லை. அவை பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கு, எது எவ்வளவு பாவம் என்று அளந்து பார்ப்பதற்காக எழுதிய நூல்கள். இப்படி நட என்று உபதேசிப்பவை அல்ல என்கிறார். தம் விஷயத்தில் ஆங்கிலேயருடைய நேர்மை முறையையே பின்பற்ற விரும்புவதாகவும் சொல்கிறார். கூடவே, மில்டனும் டாக்டர் ஜான்ஸனும்கூடச் சில சமயம் பொய்க்கு இடம் கொடுத்தவர்கள்தாம் என்று நினைவூட்டுகிறார். துரத்திவரும் கொலைகாரன் "எந்தப் பக்கம் ஓடினான்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பது ஜான்ஸன் எடுத்துக்கொண்ட உதாரணம். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டியிருக்கும் சலுகையும், குருக்ஷேத்திரத்தில் தருமபுத்திரர் அசுவத்தாமாவைப் பற்றிச் சொன்னதும் நமக்குத் தெரிந்தவை. இந்தச் சிக்கல் ஒரு மதத்தாருக்கு மட்டும் சொந்தமல்ல.

கத்தோலிக்கக் கொள்கைகளுக்காகவே அவர் வாதாடுவது கடைசிப் பகுதியில்தான். அங்கே அவர் ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் காட்டுகிறார். கஷ்டம் வேறு, சந்தேகம் வேறு என்கிறார். ஒரு கணக்குக்கு விடை கிடைக்காமல் ஒருவன் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். அதனால் விடையே இல்லை என்று அவன் எண்ணிவிடுவதில்லை. நற்கருணையில் அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்ற கொள்கையைக் கற்பனை செய்வது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பொருள் என்பதன் உள்தன்மை என்னவென்று யாருக்குத் தெரியும், பெரிய தத்துவஞானிகளுக்கே தெரியாதே என்கிறார். ஜன்மபாவத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கதை போலச் சொல்கிறார்: நல்ல களையும் புத்தியும் உள்ள ஒரு பையன் ஊர்பேர் தெரியாமல் தெருவில் நிற்கிறான் என்றால், அவன் பிறப்பில் ஏதோ மர்மம் இருக்கிறது என்று நினைப்போம் அல்லவா? மனித குலமும் அப்படித்தான் நிற்கிறது என்கிறார். இதை நிரூபணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் உலகத்தின் துக்கத்தை விழித்த கண்ணோடு பார்த்த பிறகு நம்புகிறவனுடைய பேச்சு என்பது நிச்சயம்.

குறை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1833-ல் ஐரோப்பாவிலிருந்து வீடு திரும்பியதைச் சொல்லும்போது, தம்பி சில மணி நேரத்துக்கு முன்புதான் பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தான் என்று ஒரு வரி வருகிறது. பெயர்கூட இல்லை. அந்தத் தம்பி பிரான்ஸிஸ் நியூமன். ஒரே வீடு, ஒரே தாய், ஒரே ஆக்ஸ்போர்டு. அண்ணனுக்குச் சற்றும் குறையாத நேர்மை. அவர் தேடிக்கொண்டே போய், கிறிஸ்தவக் கொள்கைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டார். அந்தக் கதையை 1850-ல் 'ஃபேஸஸ் ஆஃப் ஃபெயித்' என்று எழுதியும் வைத்தார். ஒரே நாளில் வீடு திரும்பிய சகோதரர்கள் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கிறார்கள். தாமாகவே வந்து வாசலில் நின்ற இந்த விஷயத்தை நியூமன் உள்ளே அழைக்கவில்லை. அழைத்திருந்தால் ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லவேண்டி வந்திருக்கும்: மனச்சாட்சி சுத்தமாக இருப்பது, சேரும் இடம் சரி என்பதற்கு அத்தாட்சியாகாது. அபாலஜியா நியூமனின் நேர்மையை நிரூபிக்கிறது; கத்தோலிக்க மதத்தை நிரூபிக்கவில்லை.

ஆனால் கிங்ஸ்லி கிளப்பியது நேர்மையைப் பற்றிய கேள்விதானே? அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிட்டது. பத்து வருஷம் கழித்து, 1874-ல், போப்பாண்டவரின் ஆணைக்குக் கட்டுப்பட்ட கத்தோலிக்கர்கள் தேசத்துக்கு விசுவாசமாக இருக்க முடியுமா என்று கிளாட்ஸ்டன் கேட்டார். இதுவும் இரண்டாவது வகைக் கேள்விதான். அதற்கும் நியூமன் மறு வருஷம் பதில் எழுதினார். விருந்துக்குப் பின் மதுக் கிண்ணத்தைத் தூக்கி வாழ்த்துச் சொல்லவேண்டி வந்தால், முதலில் மனச்சாட்சிக்கு, பிறகுதான் போப்புக்கு என்று அதில் எழுதினார். இந்தக் கேள்வி நம் காலத்திலும், நம் தேசத்திலும், பல மதத்தாரை நோக்கி எழுப்பப்படுகிறது. கேட்கிறவர்கள் கிங்ஸ்லியைப்போல நல்லவர்களாகவும் இருக்கலாம். "நீ சொல்வது தவறு" என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. "நீ சொல்வதை நீயே நம்பவில்லை" என்று சொல்லவேண்டுமானால், அந்த மனிதனுடைய கதையை முழுதும் தெரிந்துகொண்டிருக்கவேண்டும். கிங்ஸ்லி தெரிந்துகொள்ளவில்லை.

1865-ம் வருஷத்துப் பதிப்பில் கிங்ஸ்லியைத் தாக்கும் முதல் இரண்டு பகுதிகளையும் நியூமன் எடுத்துவிட்டார். சண்டை போய்விட்டது, கதை நின்றது. 1879-ல் கார்டினலானார், 1890-ல் காலமானார், 2019-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. புஸ்தகத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆரம்பத்தில் வரும் ஆக்ஸ்போர்டு பெயர்களும் சபைச் சச்சரவுகளும் நமக்கு அலுப்புத் தட்டும். 1839-ம் வருஷம் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே வைக்க மாட்டீர்கள். படித்து முடித்ததும் கத்தோலிக்கராக வேண்டுமென்று தோன்றாமல் போகலாம், எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அப்படி ஆன ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வாய் வராது. நியூமன் கிங்ஸ்லியிடம் கேட்டது அவ்வளவுதான்.